திரிகைக் கல்லும் திருப்பலி அப்பமும்



இன்று கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழா. நாம் கேட்ட இரண்டாம் வாசகம் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் 23-ஆம் வசனத்திலிருந்து தொடங்கியது. ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து, நன்றி செலுத்தி, பிட்டுக் கொடுத்த நிகழ்வு அது. வீட்டுக்குப் போனதும் விவிலியத்தைத் திறந்து, அதற்கு முந்தைய ஆறு வசனங்களையும் வாசித்துப் பாருங்கள். அங்கே பவுலடியார் கோபத்தோடு பேசுகிறார். கொரிந்துக் கிறிஸ்தவர்கள் ஒன்றாகக் கூடுகிறார்கள். ஆனால் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு, குடித்து நிறைகிறார்கள். உழைத்துக் களைத்துத் தாமதமாக வருகிற ஏழைகள் பசியோடு நிற்கிறார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்கிறார் பவுல். நற்கருணை ஏற்படுத்தப்பட்டதைப் பற்றி நம் கையில் இருக்கும் மிகப் பழைய எழுத்து, ஏழையை அவமதித்தவர்களுக்கு எழுதிய கண்டனத்தின் நடுவில்தான் வருகிறது. இன்றைய வாசகத்தில் அந்தக் கண்டனம் விடுபட்டிருக்கிறது. ஆகவே அதைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன். அதற்கு இந்தப் பெருவிழா நாளில் நடந்த ஒரு பழைய நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன்.

1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் இந்தப் பெருவிழாவை முழுத் திருச்சபைக்கும் ஏற்படுத்தினார். 1381-ஆம் ஆண்டில் இந்த விழா ஜூன் 13, வியாழக்கிழமை வந்தது. அன்று இங்கிலாந்தில் கென்ட், எசெக்ஸ் பகுதிகளின் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் லண்டன் நகருக்குள் நுழைந்தார்கள். அவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள். மறுநாளே 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்டை மைல் எண்ட் என்ற இடத்தில் சந்தித்து, எங்களை அடிமைநிலையிலிருந்து விடுவியுங்கள் என்று கேட்டார்கள்.

யார் இவர்கள்? அவர்கள் நாளெல்லாம் செய்த வேலையையும் உண்ட உணவையும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நம்மில் வயல்வேலை தெரிந்தவர்களுக்கு அந்த வாழ்க்கை அந்நியமாகத் தோன்றாது.

பதினைந்து ஏக்கர் அளவுக்கு நிலம் பயிரிட்ட குடும்பம் அன்று ஓரளவு நிம்மதியான குடும்பம். ஏராளமானோருக்கு இரண்டு மூன்று ஏக்கர்தான். மீதி வயிற்றுக்குக் கூலிவேலை. கோதுமை விதைத்தால், விதைத்ததைப் போல நான்கு மடங்கு கிடைத்தாலே நல்ல மகசூல். அந்த நான்கில் ஒன்றை அடுத்த ஆண்டு விதைக்கு ஒதுக்க வேண்டும். களத்தில் குவித்ததில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு. பிறகு பண்ணைக்குரிய வாரம். நல்ல கோதுமையைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று வாரத்தையும் வரியையும் கட்டிவிட்டு, வீட்டில் வாற்கோதுமையும் கம்புக்கோதுமையும் கலந்த கறுத்த ரொட்டியை உண்டார்கள். அதோடு பட்டாணியும் மொச்சையும் கீரையும் போட்டு வேகவைத்த கஞ்சி.

இது எல்லாக் குடியானவர்களின் நிலை. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சட்டப்படி சுதந்திரமற்றவர்கள். பல பண்ணைகளில் அவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பண்ணையாரின் நிலத்தில் கூலி இல்லாமல் உழைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் தங்கள் கதிர் வயலில் உதிர்ந்துகொண்டிருக்க, பண்ணையின் கதிரை முதலில் அறுக்க வேண்டும். பண்ணையாரின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போக முடியாது. மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமானால் அதற்கு ஒரு தொகை. மகனைப் பள்ளிக்கு அனுப்பவும் அனுமதியும் கட்டணமும். மகன் குருவாக விரும்பினால், முதலில் பண்ணையார் அவனை விடுவிக்க வேண்டும்; அடிமைநிலையில் இருப்பவனைக் குருவாகத் திருநிலைப்படுத்தத் திருச்சபைச் சட்டமே இடம் கொடுக்கவில்லை.

எல்லாவற்றிலும் என் மனத்தை அறுப்பது சாவு வீட்டுக் கணக்கு. குடும்பத் தலைவர் இறந்தால், தொழுவத்தில் இருப்பதிலேயே சிறந்த மாட்டைப் பண்ணைக்கு ஓட்டிப் போவார்கள். பல ஊர்களில் அடுத்த சிறந்த மாடு பங்குக் குருவுக்கு! இறந்தவர் உயிரோடிருந்தபோது கொடுக்க மறந்திருக்கக்கூடிய காணிக்கைக்கு ஈடாம் அது. உழுகிற மாடு இரண்டும் போன பிறகு அந்த விதவை எதை வைத்து உழுவாள் என்று அந்தக் குரு யோசித்திருப்பாரா?

பதிமூன்றாம் நூற்றாண்டில் பர்ட்டன் துறவு மடத்தின் அதிபர் தம் குடியானவர்களோடு வழக்காடியபோது, இவர்களுக்குச் சொந்தமென்று சொல்ல வயிற்றைத் தவிர ஒன்றுமில்லை என்று வாதிட்டிருக்கிறார். சட்டத்தின்படி அவர் சொன்னது சரி. குடியானவரின் மாடும் கலப்பையும் பாத்திரமும் பண்ணையாரின் உடைமை என்றுதான் சட்டம் கருதியது. ஆனால் சொன்னவர் யார் என்று பாருங்கள். ஏழ்மை வாக்குறுதி எடுத்த துறவி. நாளுக்கு ஏழு முறை சங்கீதம் பாடுகிறவர்.

இந்த நிலையைத் திருச்சபையின் அறிஞர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? கடவுளின் வீடு மூன்று பிரிவுகளால் ஆனது. சிலர் செபிக்கிறார்கள், சிலர் போரிடுகிறார்கள், சிலர் உழைக்கிறார்கள் என்று பதினோராம் நூற்றாண்டில் லாவோன் நகர ஆயர் அடால்பெரோ எழுதினார். இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பது அவர் கருத்து. நேர்மையான மனிதர் அவர். அடிமைக்கு உணவளிப்பதாக எண்ணும் எசமானுக்கு உண்மையில் அடிமையே உணவளிக்கிறான், அந்த அடிமையின் கண்ணீருக்கு முடிவே இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இனி ஒரு மடத்தின் கதைக்கு வருகிறேன். லண்டனுக்கு வடக்கே புனித ஆல்பன் துறவு மடம். பிரித்தானிய மண்ணின் முதல் மறைச்சாட்சியாகப் போற்றப்படும் புனிதரின் கல்லறையைச் சுற்றி எழுந்தது. ஊரும் சுற்றுப்புறக் கிராமங்களும் அந்த மடத்தின் ஆளுகையில் இருந்தன. மாவரைக்கும் ஆலையும் மடத்துக்கே சொந்தம். தானியத்தை அந்த ஆலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கை ஆலைக்குக் கொடுக்க வேண்டும். மக்களோ வீட்டில் கைத்திரிகை வைத்து அரைத்துக்கொண்டார்கள். ஒரு மூலையில் இரண்டு கல். அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் கையால் சுற்றுவாள். வீட்டிலேயே அரைத்தால் யாருக்கும் பங்கு இல்லை, வரிசையில் காத்திருக்கவும் வேண்டாம். மடத்துக்கு அது வருமான இழப்பு. இரண்டு தரப்புக்கும் இடையே பல பத்தாண்டுகள் வழக்கு நடந்தது.

1327-இல் வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட் என்பவர் மடத்தின் அதிபரானார். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இவர் ஒரு கொல்லரின் மகன். சிறுவயதிலேயே அநாதையானவர், துறவிகள் எடுத்து வளர்த்துப் படிக்கவைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்திலும் வானியலிலும் பெரும் புலமை பெற்றார். சூரியன், சந்திரன் ஆகியவற்றின் போக்கைக் காட்டும் வியத்தகு கடிகாரம் ஒன்றை மடத்தில் அமைக்கத் தொடங்கினார். தொழுநோய் அவர் உடலைத் தின்றுகொண்டிருந்தபோதும் கடமையை விடவில்லை. சுருக்கமாகச் சொன்னால், நம் பங்கில் இப்படி ஒரு குரு இருந்தால் நாம் பெருமைப்படுவோம்.

அந்த நல்ல மனிதர்தான் வீடு வீடாக இருந்த கைத்திரிகைகளைப் பறிமுதல் செய்தார். பறித்த கற்களை உடைத்து எறியவில்லை. மடத்தில் விருந்தினர் வந்து பேசும் கூடத்தின் தரையில் அவற்றைப் பதித்துத் தளம் போட்டார். ஊர்க்காரர் எவராவது மடத்துக்கு ஏதேனும் கேட்க வந்தால், தன் தாய் மாவரைத்த கல்லின் மேல் கால் வைத்துத்தான் நிற்க வேண்டும்.

கொல்லரின் மகன் இதை ஏன் செய்தார்? கொடுமைக்காரராக இருந்ததால் என்று சொன்னால் நாம் தப்பித்துக்கொள்ளலாம். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். மடத்தின் உரிமைகள் தம் சொத்து அல்ல, புனித ஆல்பனின் சொத்து என்று அவர் உண்மையாகவே நம்பினார். புனிதருக்குரியதில் ஒரு பிடி மாவு குறைந்தாலும் தாம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று அஞ்சினார். இந்த இடத்தில்தான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். தனக்காக ஏழையிடம் பறிக்கிறவனுக்கு இரவில் மனச்சாட்சி உறுத்தும். கோயிலுக்காகப் பறிக்கிறவனுக்கு அது உறுத்துவதில்லை. கடமையைச் செய்துவிட்ட நிம்மதியோடு தூங்குகிறான்.

அவர் மடத்தில் விவிலியம் இல்லாமலா போயிற்று? இணைச்சட்ட நூல் 24-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். கடனுக்கு அடகாக ஒருவனுடைய திரிகைக் கல்லை எடுக்கக் கூடாது, மேல்கல்லை மட்டும்கூட எடுக்கக் கூடாது, ஏனென்றால் அது அவன் உயிரையே அடகு வாங்குவதற்குச் சமம் என்கிறது மோசேயின் சட்டம். அதே அதிகாரத்தில் கூலியை அன்றன்று பொழுது சாய்வதற்குள் கொடுக்கச் சொல்கிறது. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்கிறது. அந்த மடத்தில் இதையெல்லாம் வாசித்திருப்பார்கள். பாடியும் இருப்பார்கள்.

ஐம்பது ஆண்டுகள் கடந்தன. நடுவில் 1348-49-இல் கொள்ளைநோய் வந்து மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக வாரிக்கொண்டு போனது. உழைக்கும் கை குறைந்ததால் கூலி ஏறியது. உடனே 1349-இல் ஓர் ஆணையும் 1351-இல் ஒரு சட்டமும் போட்டு, நோய்க்கு முன் இருந்த கூலிக்கு மேல் கேட்பதும் கொடுப்பதும் குற்றம் என்றார்கள். பிறகு போர்ச் செலவுக்குத் தலைவரி, மூன்று முறை. மூன்றாம் முறை 15 வயதைக் கடந்த ஒவ்வொருவர் தலைக்கும் 12 பென்னி; கூலியாளுக்கு அது பல நாள் உழைப்பு. 1381 மே இறுதியில் எசெக்ஸின் பிரெண்ட்வுட்டில் கலகம் வெடித்தது. ஜான் பால் என்ற குரு, ஆதாம் ஏவாள் காலத்தில் பண்ணையாரும் இல்லை, அடிமையும் இல்லை என்று போதித்து அதற்காகச் சிறையில் கிடந்தவர். மக்கள் அவரை விடுவித்துத் தங்களோடு அழைத்து வந்தார்கள்.

அந்த நாட்களில் நடந்தது எல்லாம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். ஜூன் 14 அன்று கேன்டர்பரி பேராயர் சைமன் சட்பரியை இழுத்துவந்து தலையை வெட்டினார்கள். எந்தத் தவறும் செய்யாத ஃபிளெமிய நெசவாளர்களையும் அயல்நாட்டவர் என்பதற்காகவே தெருவில் கொன்றார்கள். நூற்றாண்டுகளாக அமுக்கிவைத்த கோபம் வெளிவரும்போது அது குற்றவாளியை மட்டும் தேடிப் போவதில்லை. அந்தப் பாவமும் ஒரு பகுதி அமுக்கிவைத்தவர்களையே சேரும்.

புனித ஆல்பன் ஊர் மக்கள் வில்லியம் கிரிண்ட்கோப் என்பவர் தலைமையில் லண்டன் போய், அரசரின் கடிதத்தோடு திரும்பினார்கள். பண்ணைப் பத்திரங்களைச் சந்தை வெளியில் போட்டு எரித்தார்கள். அதன்பின் மடத்துக்குள் நுழைந்து, நேராக அந்தக் கூடத்துக்குப் போனார்கள். தரையைப் பெயர்த்தார்கள். தங்கள் பாட்டன்மார் காலத்துத் திரிகைக் கற்களை வெளியே எடுத்து வந்தார்கள்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கற்கள் அரைக்கவில்லை. ஆனாலும் எந்தக் கல், எங்கே கிடக்கிறது என்று ஊரே அறிந்திருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

கற்களை எடுத்து என்ன செய்தார்கள் என்பதைக் கேளுங்கள். இதை எழுதிவைத்தவர் அந்த மடத்திலேயே துறவியாக இருந்த தாமஸ் வால்சிங்கம். குடியானவர்கள் மேல் அவருக்குத் துளியும் இரக்கம் இல்லை. அவர்களை வெறுத்து எழுதினார். அவரே சொல்கிறார்: கற்களைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோயில்களில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பகிர்ந்து கொடுப்பதுபோல, ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள்.

அந்த ஆசீர்வதித்த அப்பம் எது என்று விளக்க வேண்டும். 1215-இன் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஆண்டுக்கு ஒரு முறையாவது, பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று சட்டம் செய்தது. பெரும்பாலான எளிய மக்கள் அந்த ஒரு முறைதான் வாங்கினார்கள். மற்ற ஞாயிறுகளில், எழுந்தேற்றத்தின்போது தலை உயர்த்தி அப்பத்தைப் பார்ப்பதோடு சரி. அதற்கு ஈடாக, பூசை முடிவில் சாதாரண ரொட்டியை ஆசீர்வதித்து வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார்கள். அந்த ரொட்டியை ஊரிலுள்ள வீடுகள் முறைவைத்துச் சுட்டுக் கொண்டுவந்தன. தங்கள் அடுப்பில் வெந்த ரொட்டி, பீடத்தின் ஆசி பெற்று, தங்கள் கைக்கே திரும்பி வரும். பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் அதே ரொட்டி.

வாரந்தோறும் அப்படிப் பகிர்ந்து பழகிய கைகள், பறிபோன கல்லையும் அதே முறையில் பகிர்ந்துகொண்டன. வால்சிங்கம் அதைத் திமிர் என்று எழுதினார். எனக்கு அது வேறுவிதமாகத் தெரிகிறது. இறையியல் படித்த துறவிகள் அந்தக் கல்லை மிதித்து நடந்து போய் மாதாவுக்கு மாலைச் செபம் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள், தங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஒன்றை எப்படிக் கையாள்வது என்று யோசித்தபோது, நற்கருணைக் கொண்டாட்டத்தில் கற்றுக்கொண்ட செயலைத்தான் செய்தார்கள். ஒருவனே எடுத்துக்கொண்டு போகவில்லை. உடைத்தார்கள், எல்லாருக்கும் கொடுத்தார்கள். கொரிந்துக்கு எழுதிய பவுலடியார் அன்று அங்கே நின்றிருந்தால், ஆண்டவரின் விருந்தின் சாயலை எந்தப் பக்கத்தில் கண்டிருப்பார்?

அந்த மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஜூலை 2 அன்று அரசர் தாம் கொடுத்த விடுதலைப் பத்திரங்களை ரத்துசெய்தார். விடுதலையை உறுதிப்படுத்தக் கேட்டுப்போன எசெக்ஸ் குடியானவர்களுக்கு, நீங்கள் அடிமைகள், அடிமைகளாகவே இருப்பீர்கள் என்ற கருத்தில் பதில் வந்ததாக அதே வால்சிங்கம் எழுதுகிறார். கிரிண்ட்கோப்பைப் பிடித்து, ஊராரிடம் பேசி, அவர்கள் பெற்ற உரிமைப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்தால் பிழைப்பாய் என்று பிணையில் விட்டார்கள். அவர் ஊர் மக்கள் நடுவே போய், என் உயிருக்காக உங்கள் உரிமையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, தூக்குமேடைக்குப் போனார். ஜூலை 15 அன்று ஜான் பால் குருவும் புனித ஆல்பன் ஊரிலேயே அரசரின் முன்னிலையில் கொல்லப்பட்டார்.

எந்தச் சட்டமும் போடாமலே, அடுத்த ஒரு நூற்றாண்டில் இங்கிலாந்தில் அந்த அடிமைநிலை தேய்ந்துபோயிற்று. ஆள் இல்லாத நிலத்துக்கு ஆள் தேவைப்பட்டது. குடியானவர்கள் பேரம் பேசினார்கள், கிடைக்காத இடத்தைவிட்டு இரவோடு இரவாகப் போனார்கள். அதை முடித்துவைத்தோம் என்று திருச்சபை பெருமை பேச முடியாது. துறவு மடங்கள்தான் கடைசிவரை இறுக்கிப் பிடித்திருந்த பண்ணைகளில் முக்கியமானவை.

திருச்சபை குடியானவரை முற்றிலும் மறந்ததுமில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மத்ரித் நகரருகே பிறர் நிலத்தில் கூலிக்கு உழுத இசிதோரை, 1622 மார்ச் 12 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி புனிதராக உயர்த்தினார். நம் சவேரியாரும் இஞ்ஞாசியாரும் அவிலா தெரேசாளும் பிலிப்பு நேரியும் அதே நாளில், அதே திருப்பலியில் புனிதர்களானார்கள். இசிதோர் ஒரு மடத்தையும் தொடங்கவில்லை, ஒரு நூலும் எழுதவில்லை. அதிகாலையில் பூசை கண்டுவிட்டு ஏர் பிடிக்கப் போனார்; தன் உணவைப் பிச்சைக்காரர்களோடும் பறவைகளோடும் பகிர்ந்தார் என்பதே அவரைப் பற்றிய மரபு. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில், கூலியை ஏமாற்றுவது வானை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று யாக்கோபு திருமுகத்தைக் காட்டி எழுதினார். அதை நாம் போற்றுகிறோம். ஆயினும் ஜான் பால் தூக்கிலிடப்பட்டு 510 ஆண்டுகள் ஆன பிறகு அது வந்தது என்பதையும் நினைவில் வைப்போம்.

இனி இன்றைய வாசகங்களுக்குத் திரும்புவோம். இன்று வாசித்த லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்தார். லூக்கா எழுதாத ஒரு விவரத்தை யோவான் எழுதுகிறார்: அவை வாற்கோதுமை அப்பங்கள். அன்றும் அது ஏழையின் ரொட்டிதான். ஆண்டவர் அதைக் கையில் வாங்கும்போது, கோதுமை அப்பம் இல்லையா என்று கேட்கவில்லை. மக்களைப் புல்தரையில் உட்கார வைத்தார். சீடர்களோ அவர்களை அனுப்பிவிடச் சொல்லியிருந்தார்கள்.

இன்னும் சற்று நேரத்தில் காணிக்கைப் பவனியில் அப்பத்தைக் கொண்டுவருவோம். நிலத்தின் விளைச்சல், மனித உழைப்பு என்று சொல்லித்தான் குரு அதை உயர்த்துகிறார். யாருடைய உழைப்பு என்று நாம் கேட்டே ஆகவேண்டும். நம் கோயில்களிலும் சாதிக்கொரு பக்கம் உட்கார வைத்த காலம் இருந்தது. சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் சுவர் இன்னும் நிற்கிறது. நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிற அக்காவுக்கு, திருநாள் அன்றுகூட பின்கட்டில் வைத்து உணவு கொடுக்கிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களும் என்னிடம் நற்கருணை வாங்குகிறார்கள். இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

கோயில் நிலத்தைச் சில குடும்பங்கள் குத்தகைக்கு உழுகின்றன. மழை பொய்த்த ஆண்டின் பாக்கியை நாம் இன்னும் கணக்கில் சுமந்துகொண்டு வருகிறோம். புனிதரின் சொத்து என்று சொல்லித்தான் நாமும் கேட்கிறோம். கோயில்பிள்ளைக்குக் கொடுக்கும் மாதச் சம்பளத்தில் நம்மில் யாரும் ஒரு வாரம் குடும்பம் நடத்திப் பார்த்ததில்லை. வருகிற ஞாயிறு பங்குப் பேரவை கூடும்போது, தேர்த் திருவிழாக் கணக்குக்கு முன்பாக இந்த இரண்டையும் எடுக்கிறோம். குத்தகைக் குடும்பங்களையும் கோயில்பிள்ளையையும் வரச் சொல்லியிருக்கிறேன். பேரவை உறுப்பினர்கள் தயவுசெய்து நேரத்துக்கு வாருங்கள். அவர்களை முதலில் பேசவிடுவோம்.